மாமன் மகளும் போப்பாண்டவரும்

2025 மே 8-ந்தேதி ராத்திரி ஒன்பதரை மணிக்கு மேல டிவியில் வெள்ளைப் புகை வந்துகொண்டிருந்தது. வத்திக்கானில் புதுப் போப்பாண்டவர் வந்தாச்சு. பதினான்காம் லியோ, அமெரிக்காக்காரர். எங்க பெரியாத்தாவுக்கு எண்பது வயசுக்கு மேல். சீரியல் போனதில் கோபம்தான் என்றாலும் கொஞ்ச நேரம் உத்துப் பாத்துட்டு ஒரு கேள்வி கேட்டாக. "ஏம்ப்பா, இவுகளுக்கு நெலபுலம் எம்புட்டு?"

44 ஹெக்டேர், சுமாரா 110 ஏக்கர் என்றேன்.

"அம்புட்டுத்தானா? நம்ம பக்கத்துக் கம்மாய் பெருசாச்சே. பெறகு எதுக்கு ஒலகமே பாக்குது?"

நல்ல கேள்வி. ஐரோப்பிய வரலாறு எழுதின பெரிய ஆட்களெல்லாம் பக்கம் பக்கமா பதில் எழுதின கேள்வி. அதை காரைக்குடியிலிருந்து யோசித்தால் கொஞ்சம் சுலபமாகப் புரிகிறது என்று எனக்கு ஒரு எண்ணம். ஏன்னா படை இல்லாத, போலீஸ் இல்லாத, ஆனா மீற முடியாத அதிகாரத்தோட நாங்க பொறந்ததிலிருந்து குடித்தனம் பண்றோம். அதுக்குப் பேர் ஒன்பது கோயில்.

தெரியாதவங்களுக்குச் சின்ன விளக்கம். நகரத்தார்கள் ஒன்பது கோயில்களாகப் பிரிந்தவர்கள். இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி. ஒரே கோயில்காரர்கள் பங்காளிகள், அங்கே பெண் எடுக்கக் கூடாது (இளையாத்தங்குடி, மாத்தூரில் உட்பிரிவுக் கணக்கு வேறு, அது தனிக் கதை). கல்யாணத்துக்கு இரண்டு பக்கத்துக் கோயிலிலிருந்தும் மாலை வரணும். மாலை வந்தால்தான் கல்யாணம். கல்யாணம் ஆனால்தான் நீ ஒரு 'புள்ளி'. புள்ளிக்கு ஒரு வரி, கோயில் கணக்கில் ஒரு பெயர். வெளியே கட்டிக்கிட்டா வழக்கப்படி புள்ளி கிடையாது. யாரும் அடிக்க மாட்டாக, வீட்டை விட்டுத் துரத்த மாட்டாக. கணக்கில் பேர் இருக்காது, அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' எவ்வளவு பெரிசு என்று உள்ளே இருப்பவனுக்குத்தான் தெரியும்.

போப்பாண்டவரின் பலமும் இங்கேதான் இருந்தது என்று நினைக்கிறேன். பள்ளிக்கூடப் புத்தகத்தில் 1077 ஜனவரியில் கனோசாவில் பனியில் மூணு நாள் காத்துக் கிடந்த ஜெர்மன் ராஜா நாலாம் ஹென்றியைப் பத்திப் படித்திருப்போம். ஏழாம் கிரகோரி அவரைச் சபையை விட்டு விலக்கி வைத்தார், ராஜா வந்து மன்னிப்புக் கேட்டார். படம் பிரமாதம். ஆனா ஏழே வருசத்தில் அதே ராஜா ரோமைப் பிடித்தார், கிரகோரி 1085-ல் சலேர்னோவில் ஊர் விட்ட நிலையில் செத்தார். ஆகவே ராஜாக்களோட மல்லுக்கட்டினதை வைத்து போப்பின் சக்தியை எடை போட்டால் தராசு ஆடிக்கொண்டே இருக்கும். நிஜமான பிடி படுக்கையறையிலும் பாகப்பிரிவினையிலும் இருந்தது. யார் யாரைக் கட்டலாம், யார் பிள்ளை சொத்துக்கு உரியவன் என்பதில்.

இரண்டாம் லொத்தேர் என்று ஒரு ராஜா, ஒன்பதாம் நூற்றாண்டில். பிள்ளையில்லாத மனைவியைத் தள்ளிவிட்டு வேறு பெண்ணைக் கட்டணும். உள்ளூர் ஆயர்களெல்லாம் சரி என்றுவிட்டார்கள். 863-ல் போப் முதலாம் நிக்கோலஸ் முடியாது என்றார். முடியவில்லை. அந்த ராஜ்ஜியமே அவரோடு போச்சு, அண்ணன் தம்பி வகையறா பங்கு போட்டுக்கிட்டார்கள். இங்கிலாந்து எட்டாம் ஹென்றி கதை எல்லோருக்கும் தெரியும், அவர் போப்பையே தள்ளிவிட்டார்.

இதைவிட எனக்கு ஆச்சரியமான விஷயம் சொந்தத்தில் கல்யாணம். ஒரு காலத்தில் ரோமச் சபை ஏழு தலைமுறை சொந்தம் வரைக்கும் கல்யாணம் கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்தது. ஏழு தலைமுறை! சின்ன ஊரில் அப்படிப் பாத்தா மாப்பிள்ளையே கிடைக்காது. மூன்றாம் இன்னொசென்ட் 1215-ல் கூட்டின நாலாவது லாத்தரன் சங்கம் அதை நாலாகக் குறைத்தது. அதே சங்கம்தான் கல்யாணத்தை முன்கூட்டியே கோயிலில் எல்லார் காதிலும் விழும்படி அறிவிக்கணும் என்றும் விதித்தது. அதுதான் இன்னைக்கு நம்ம ஊர் மாதா கோயில்களில் ஞாயிற்றுக்கிழமை 'ஓலை வாசிக்கிறது'. சொந்தம் கிந்தம் இருந்தால் யாராவது எழுந்து சொல்லட்டும் என்பதற்குத்தான். 810 வருசம் பழைய உத்தரவு, பனை ஓலைப் பேரோட!

இப்போ நம்ம பக்கம் பாருங்க. அத்தை மகன், மாமன் மகள். அது கூடாது என்பதில்லை, அதுதான் உரிமை. 'உரிமைப் பெண்' இருக்க வெளியே எடுத்தால் சண்டை. ரோம் சட்டப்படி முதல் உடன்பிறப்பு முறைக் கல்யாணம், 1983-ல் இரண்டாம் ஜான்பால் வெளியிட்ட திருத்தின சட்டத்தொகுப்பிலும் தடைதான். ஆனால் ஆயர் விலக்கு கொடுக்கலாம். தேவகோட்டைப் பக்கம் எனக்குத் தெரிந்த கத்தோலிக்கக் குடும்பங்களில் மாமன் மகளைக் கட்டினவர்கள் உண்டு. எல்லாருமே பங்குச் சாமியார் வழியா மனுப் போட்டு விலக்கு வாங்கிக் கட்டினவர்கள்தான். ஐரோப்பாவில் சொந்தபந்தத்தை உடைத்த சட்டம், இங்கே ஒரு காகிதமாக மாறி பீரோவில் இருக்கிறது.

ஐரோப்பாவில் அது என்ன செய்தது என்பதுதான் பெரிய விவாதம். ஜாக் குடி என்ற மானுடவியல் அறிஞர் 1983-ல் ஒரு புத்தகம் போட்டார். சொந்தத்தில் கட்டாதே, தத்து எடுக்காதே, கைம்பெண்ணை மறுமணத்துக்கு வற்புறுத்தாதே என்று சபை சொன்னதெல்லாம் சேர்ந்து வாரிசு இல்லாத சொத்தைப் பெருக்கியது, அந்தச் சொத்து சபைக்கு வந்து சேர்ந்தது என்பது அவர் வாதம். தத்து எடுக்கிறதை 'பிள்ளை கூட்டிக்கிறது' என்று விழாவாகவே செய்கிற எங்க ஊரில் இதைப் படித்தால் சிரிப்பு வரும். பிள்ளை கூட்டாத வீடு இருந்தால் நகரச் சிவன் கோயிலுக்கு எவ்வளவு வந்திருக்கும் என்று கணக்குப் போடத் தோணும் :-)

2020-ல் ஜோசப் ஹென்ரிக் இன்னும் ஒரு படி மேலே போனார். குலம், கூட்டம், பங்காளி என்ற கட்டு உடைந்ததால்தான் ஐரோப்பியன் தனி மனிதனாக யோசிக்க ஆரம்பித்தான், முன்பின் தெரியாதவனை நம்பி வியாபாரம், சங்கம், பல்கலைக்கழகம் எல்லாம் கட்டினான் என்கிறார். சபைக்குத் தெரியாமலே சபை செய்த வேலை. கெட்டிக்காரத்தனமான வாதம். ஆனா எனக்கு முழுசா ஒப்பவில்லை. எங்க ஆளுக மாமன் மகளையும் கட்டிக்கிட்டு, பங்காளிக் கணக்கையும் விடாம, பர்மாவிலும் மலாயாவிலும் சைகோனிலும் வட்டிக்கடை போட்டாக. மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று அடுக்கு. அத்தனைக்கும் ஆதாரம் அந்தச் சொந்தக்கட்டுதான். கட்டை உடைத்தால்தான் நம்பிக்கை வரும் என்பது அவுக ஊர்க் கணக்கு. (வட்டிக்கு விடுகிறவனுக்குக் கிறிஸ்தவ அடக்கமே கிடையாது என்று 1179-ல் மூன்றாவது லாத்தரன் சங்கம் தீர்மானம் போட்டது. எங்க பாட்டன் பூட்டன் அங்கே பிறக்காதது நல்லதாப் போச்சு.)

நிற்க. ரோம் எங்கேயோ இருக்கிறது என்று நினைக்காதீங்க. காரைக்குடியிலிருந்து தேவகோட்டை, திருவாடானை வழியாப் போனால் இரண்டு மணி நேரத்துக்குள் ஓரியூர். 1693 பிப்ரவரி 4-ந்தேதி அங்கேதான் அருளானந்தர் என்கிற ஜான் டி பிரிட்டோவின் தலையை வெட்டினார்கள். லிஸ்பனில் பெரிய குடும்பத்துப் பிள்ளை, போர்ச்சுகல் இளவரசரோடு அரண்மனையில் வளர்ந்தவர். இங்கே வந்து பண்டாரசாமியாக வேட்டி கட்டி, மறவர் சீமையில் அலைந்தார். 1686-ல் பிடித்து அடித்து, கிழவன் சேதுபதி விட்டுவிட்டார். ஐரோப்பா போய்விட்டு 1690-ல் திரும்ப வந்தார். அப்போது ராஜா வம்சத்துத் தடியத்தேவர் கிறிஸ்தவராக விரும்பினார். அவருக்கு மனைவிகள் பலர். ஒருத்தியை வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினால்தான் முழுக்கு என்றார் பிரிட்டோ. தடியத்தேவரும் அப்படியே செய்தார், 1693 ஜனவரியில் முழுக்கு ஆனது. விலக்கப்பட்டவர்களில் இளையவர் கடலாயி, சேதுபதிக்கு உறவு. அவர் போய் அழுதார். ஒரு மாசத்துக்குள் ஓரியூர்.

ஓரியூரில் வெட்டப்பட்டவர் பக்கம் எல்லோரும் பேசுகிறார்கள், பேசவேண்டியதுதான். கடலாயி பற்றி யாரும் பேசுவதில்லை. அவளைக் கட்டும்போது அது குற்றம் இல்லை. ஒரு நாள் காலையில் எங்கேயோ இருக்கிற ஒரு சட்டத்தால் அவள் மனைவி இல்லை என்று ஆகிவிட்டது. அவள் எங்கே போவாள்? நான் ஓரியூர் செம்மண்ணில் நின்றபோது அவளைத்தான் அதிகம் நினைத்தேன். அங்கே வருகிற கூட்டத்தில் பாதி இந்துக்கள்தான், மண்ணை எடுத்துப் பொட்டலம் கட்டிக் கொண்டுபோகிறார்கள்.

பிரிட்டோவுக்கு முத்திப்பேறு பட்டம் கொடுக்க 160 வருசம் ஆச்சு, 1853. புனிதர் பட்டம் 1947 ஜூன் 22. தாமதத்துக்கு ஒரு காரணம் சுவையானது. அவர் உடுத்தின உடையும், நடந்துகொண்ட முறையும் கிறிஸ்தவத்துக்குப் பொருந்துமா என்று ரோமில் வழக்கு ஓடிக்கொண்டிருந்தது. அந்த வழக்கு மதுரையில் தொடங்கினது.

1606-ல் மதுரைக்கு வந்த ராபர்ட் டி நொபிலி, தத்துவ போதகர், காவி உடுத்தி, சைவச் சாப்பாடு சாப்பிட்டு, சந்தனம் பூசி, மதம் மாறினவர்கள் பூணூலும் குடுமியும் வைத்துக்கொள்ளட்டும் என்றார். இதெல்லாம் குல வழக்கம், மதம் அல்ல என்பது அவர் வாதம். ஏற்கனவே மதுரையில் இருந்த கொன்சாலோ பெர்னாண்டஸ் பாதிரியார் புகார் எழுதினார். புகார் கோவா போய், கப்பலில் லிஸ்பன் போய், ரோம் போனது. அங்கே கர்தினால் பெல்லார்மின், நொபிலிக்குச் சொந்தக்காரர், முதலில் கண்டித்துக் கடிதம் எழுதிவிட்டு, விளக்கம் வந்த பிறகு ஆதரவாக மாறினார். அதே பெல்லார்மின்தான் 1616-ல் கலிலியோவைக் கூப்பிட்டு, பூமி சுற்றுகிறது என்று வாதாடாதே என்று எச்சரித்தவர். மதுரைக் குடுமிக்குக் காட்டின தாராளம் சூரியனுக்குக் காட்டவில்லை!

1623 ஜனவரி 31-ல் போப் பதினைந்தாம் கிரகோரி தீர்ப்புச் சொன்னார். பூணூல், குடுமி, சந்தனம், குளியல் எல்லாம் இருக்கட்டும், வேறு தீர்ப்பு வரும்வரை. பூணூலைக் கோயிலில் வாங்காமல் சாமியார் மந்திரித்துக் கொடுக்கட்டும். கூடவே மேல்சாதியார் எளியவர்களை இகழக்கூடாது என்று புத்தியும் சொன்னார். அனுமதி நடந்தது. புத்தி நடக்கவில்லை. அந்த ஒரு வரிதான் இன்னைக்கு வரைக்கும் தீராத வழக்கு.

அடுத்த கட்டம் தாலி. 1703-ல் புதுச்சேரிக்கு வந்து இறங்கினார் போப்பின் தூதர் மெயார் டி தூர்னோன். எட்டு மாசம் இருந்தார். பெரும்பாலும் படுக்கையில். உள்நாட்டுப் பக்கம் ஒரு நாள்கூடப் போகவில்லை. 1704 ஜூனில் ஒரு ஆணை. தாலியில் பிள்ளையார் உருவம் கூடாது, 108 இழைக் கயிறு கூடாது, கல்யாணத்தில் தேங்காய் உடைத்துச் சகுனம் பார்க்கக் கூடாது, பெண்பிள்ளை பெரியமனுஷி ஆனதைக் கொண்டாடக் கூடாது, முழுக்குக் கொடுக்கும்போது சாமியார் எச்சில் தொடுகிற சடங்கை விடக்கூடாது. எச்சில் என்றால் நம்ம ஊரில் என்ன அர்த்தம் என்று படுக்கையில் கிடந்தவருக்கு யார் சொல்வது? சொன்னார்கள், கேட்கவில்லை. தாலிக்குப் பதில் சிலுவையோ மாதாவோ பொறிக்கலாம் என்றார். இன்னைக்குக் கிறிஸ்தவப் பெண்கள் கழுத்தில் பார்க்கிற சிலுவைத் தாலிக்கு அந்த உத்தரவில் ஒரு வேர் இருக்கிறது. தாலி போகவில்லை, படம்தான் மாறியது.

நாற்பது வருசம் அப்பீல் மேல் அப்பீல். 1744 செப்டம்பரில் போப் பதினான்காம் பெனடிக்ட் கதவை அடைத்தார். அதே பெனடிக்ட் 1741-ல், இந்த வழக்கங்களைக் கைக்கொண்டது பிரிட்டோவின் பட்டத்துக்குத் தடை இல்லை என்றும் சொல்லியிருந்தார். செத்தவருக்கு மன்னிப்பு, இருப்பவர்களுக்குத் தடை. வருகிற ஒவ்வொரு பாதிரியாரும் இதுக்குக் கட்டுப்படுவேன் என்று சத்தியம் செய்யணும். அந்தச் சத்தியம் 1940-ல்தான் நீங்கியது.

1744 தீர்ப்பில் ஒரு இடம் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. பறையர் வீட்டுக்குப் போய் நோயில்பூசுதல் கொடுக்க மாட்டோம் என்று பாதிரியார்கள் சொல்லக் கூடாது என்றார் போப். சரியான பேச்சு. சேசு சபையார் ஒரு சமரசம் சொன்னார்கள்: அவர்களுக்கென்று தனிச் சாமியார்களை வைத்துவிடுகிறோம். போப் ஒத்துக்கொண்டார். தாலியில் பிள்ளையாரை விடாத கண்டிப்பு இங்கே மட்டும் இளகிப்போச்சு. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்துக்குள் எழுப்பிய சுவர் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். செத்த பிறகும் சாதி. 2003 நவம்பரில் ரோமுக்குப் போன தமிழ்நாட்டு ஆயர்களிடம் இரண்டாம் ஜான்பால் சாதி பார்ப்பதைக் கண்டித்துப் பேசினார். 1623-ல் சொன்ன அதே புத்தி, 380 வருசம் கழித்து. ராஜாவின் கல்யாணத்தை நிறுத்த முடிந்தது, மாமன் மகளுக்கு விலக்கு எழுத முடிந்தது, காலண்டரையே 1582-ல் பத்து நாள் தள்ளிவைக்க முடிந்தது. ஒரு சுவரை முடியவில்லை. உள்ளூர்ச் சாதி, போப்பை விடப் பெரிய போப்.

சபைக்குள் நடந்த போர்ச்சுகல் ராஜா–போப் சண்டை (ஆயரை யார் நியமிப்பது என்று, தமிழ்நாட்டு ஊர்கள் பலவற்றில் இரண்டு கட்சி, இரண்டு கோயில்) தனியா எழுதணும். 1773-ல் போப்பே சேசு சபையைக் கலைத்தது, 1814-ல் திரும்ப அமைத்தது, பிரெஞ்சுப் பாதிரியார்கள் வந்தது, அவர்களில் ஒருவர் 1894-ல் இடைக்காட்டூரில் ரைம்ஸ் பேராலயம் மாதிரி ஒன்று கட்டிவைத்தது, அதெல்லாமும். சிவகங்கை தனி மறைமாவட்டம் ஆனது 1987-ல்.

அந்த மறைமாவட்டத்துக்குள் எங்க வீட்டிலிருந்து போன வருசம் ஒரு மனு போனது. என் அண்ணன் மகனும் தேவகோட்டைப் பெண்ணும் சென்னையில் ஒரே கம்பெனி. பெண் கத்தோலிக்கர். முதலில் இரண்டு வீட்டிலும் சாப்பாடு இறங்கவில்லை, பிறகு இறங்கியது. மாதா கோயிலில் கல்யாணம் என்றால் முழுக்கு வாங்காதவனைக் கட்ட ஆயரின் விலக்கு வேணும். பங்குச் சாமியார் இரண்டு பேரையும் உட்காரவைத்துப் பேசினார். பிள்ளைகளுக்கு முழுக்குக் கொடுக்க முடிந்த மட்டும் முயல்வேன் என்று பெண் சொல்லணும், பையனுக்கு அது தெரிந்திருந்தால் போதும். 1970-ல் ஆறாம் பால் சட்டத்தைத் தளர்த்தினதால் இப்படி. அதுக்கு முன்னாடி என்றால் பையனும் உறுதிமொழி கொடுக்கணும். கொடுத்திருக்க மாட்டான், அண்ணனும் விட்டிருக்க மாட்டாக. ஆக ஒரு போப் 1970-ல் போட்ட கையெழுத்தால் ஒரு செட்டிவீட்டுக் கல்யாணம் நடந்தது என்று நான் சொன்னால் மிகை இல்லை.

தாலிதான் பெரிய பேச்சு. அண்ணமிண்டிக்கு (அண்ணிதான், எங்க பக்கம் அப்படி) சிலுவை போட்டதைக் கையால் தொட மனசு வரவில்லை. பெண் வீட்டுக்கு வேறு எதுவும் ஆகாது. ஆசாரி இரண்டு பேரையும் பார்த்துவிட்டு ஒரு பக்கம் சின்னதாகச் சிலுவை, மறுபக்கம் ஒண்ணும் இல்லாமல் மொழுக்கென்று செய்து கொடுத்தார். சாமியார் மந்திரித்தார், பையன் கட்டினான். ஆயர் விலக்கு மனுப் போட்ட சில வாரத்தில் வந்திருந்தது.

கோயில் மாலைக்கு அண்ணன் எங்க கோயில் காரியம் பார்க்கிறவரைப் போய்ப் பார்த்தாக. நல்ல மனுசர், காப்பி கொடுத்தாக, பையனைப் பத்தி விசாரிச்சாக. "அண்ணே, அவுகளுக்கு விலக்குக் குடுக்க ஒரு ஆயர் இருக்காக, அவருக்கு மேல போப்பு இருக்காக. நமக்கு யாரு இருக்கா? எனக்கு அதிகாரம் இருந்தா இப்பவே எழுதித் தந்துருவேன். வழக்கத்துக்கிட்ட போயி யாரு மனுக் குடுக்கிறது?" என்றாராம்.

பையன் வருசா வருசம் புள்ளி வரி கட்டத் தயார் என்கிறான். தொகை ஒன்றும் பெரிசில்லை. வாங்கி ரசீது போடத்தான் ஆள் இல்லை.